டாஸ்க் மேனேஜர் 91% காட்டுகிறது, கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி மெமரி எங்கே போகிறது?

அச்சுப்பக்கம் (சிவகாசி):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே காலண்டர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிறேன். ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்கு முன்னால் மாதிரிகளை எல்லாம் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் உயிரை வாங்குகிறது.

2020-இல் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அசெம்பிள் செய்து வாங்கியது. ரைசன் 3 3200ஜி, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), 1 டிபி ஹார்டு டிஸ்க், இப்போது விண்டோஸ் 11. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மதர்போர்டு சிடியில் இருந்த எல்லா மென்பொருளையும் அசெம்பிள் செய்தவரே போட்டுக் கொடுத்தார். அதில் இணைய வேகத்தைக் கூட்டும் மென்பொருள் ஒன்று கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

ஃபோட்டோஷாப்பில் ஒரு லேயரைப் பிடித்து நகர்த்தினால் வட்டம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஹார்டு டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி 91% என்கிறது. சரி, எது தின்கிறது என்று பட்டியலைப் பார்த்தால் ஃபோட்டோஷாப் 1,050 எம்பி, குரோம் 780, வைரஸ் தடுப்பு 190, மற்றதெல்லாம் சில்லறை. மொத்தம் கூட்டினால் இரண்டரை ஜிபி வருகிறது. மேலேயோ 5.4 ஜிபி பயன்பாட்டில் என்று இருக்கிறது. இன்னொன்று, 8 ஜிபி போட்டும் 5.9 ஜிபிதான் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது.

ராத்திரி ஷட் டவுன் செய்து சுவிட்சையும் அணைத்துவிடுவேன். காலையில் ஆன் செய்து ஒன்றுமே திறக்காதபோதே 60 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. போன மாதம் விண்டோஸ் அப்டேட் வந்து அதுவே ரீஸ்டார்ட் ஆன அன்றைக்கு மட்டும் பழையபடி நன்றாக ஓடியது. கடையில் கேட்டால் ஃபார்மேட் போடச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கில் தமிழ் ஃபாண்டுகள் ஏற்றி வைத்திருக்கிறேன், அதை எல்லாம் திரும்பப் போடுவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

வெள்ளிவீதி:

ஃபார்மேட் எல்லாம் வேண்டாம் மேடம். ரேம் கிளீனர் ஒன்று இறக்கிப் போடுங்கள். ஒரு கிளிக்கில் 91 இருந்தது 40-க்கு வந்துவிடும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

மேலமாசிவீதி (மதுரை):

சகோதரி, கிளீனர் எதுவும் போட வேண்டாம். ஃபார்மேட்டும் இப்போது வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்த 5.9. உங்கள் 3200ஜி சிப்பில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி மெமரி கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே மதர்போர்டு 2 ஜிபியை கிராபிக்ஸுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் விண்டோஸிடம் கொடுக்கிறது. இது பழுது இல்லை, ஒரு செட்டிங். அதைக் குறைக்கலாம், பிறகு சொல்கிறேன்.

அடுத்து, பட்டியலைக் கூட்டினால் ஏன் மொத்தம் வராது என்பது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று மட்டும் வைத்திருக்கும் மெமரிதான் வரும். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி அதில் சேராது. விண்டோஸின் கருவும் (எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதி) டிரைவர்களும் (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) எடுத்துக்கொள்வதும் சேராது. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, உடனடியாகத் தேவைப்படாத மெமரித் துண்டுகளை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் முறையும் இருக்கிறது. அந்தச் சுருக்கிய மூட்டையும் பட்டியலில் தெரியாது. ஆகவே கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் ஏறக்குறைய மூன்று ஜிபி வித்தியாசம் என்பது கொஞ்சம் இல்லை.

கிளீனர் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த மென்பொருள் செய்வது ஒன்றே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களிடமிருந்தும் மெமரியைப் பிடுங்கச் சொல்லி விண்டோஸுக்கு உத்தரவு போடுகிறது. மேசையில் விரித்து வைத்து வேலை பார்க்கிற தாள்களை எல்லாம் அள்ளிப் பரணில் போட்டுவிட்டு, மேசை காலி என்று காட்டுவது மாதிரி. எண் 40-க்கு இறங்கும், உண்மைதான். அடுத்த நொடி நீங்கள் ஃபோட்டோஷாப்பைத் தொட்டதும் அத்தனையும் திரும்ப வர வேண்டும். அதில் ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டதை டிஸ்க்கிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ரேமிலிருந்து ஒரு துண்டை எடுக்க சுமார் 100 நானோ நொடி. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அங்குமிங்கும் தேடி எடுக்க சுமார் 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்கு! உங்கள் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றீர்களே, ஏற்கெனவே இந்தப் போக்குவரத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. கிளீனர் அதைக் கூட்டத்தான் செய்யும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. மெதுவாக இருக்கிற நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘மெமரி’யைத் தொடுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் வேண்டும்: இன் யூஸ், அதற்கு அடைப்புக்குறியில் இருக்கும் கம்ப்ரெஸ்டு, கமிட்டட், கேஷ்டு, பேஜ்டு பூல், நான்-பேஜ்டு பூல். பிறகு மேலே ‘சிபியு’வைத் தொட்டு ‘அப் டைம்’, அதாவது விண்டோஸ் எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு பேசலாம்.

அச்சுப்பக்கம்:

நன்றி அண்ணா. இதோ:

இன் யூஸ் 5.4 ஜிபி, கம்ப்ரெஸ்டு 612 எம்பி
கமிட்டட் 9.8 / 11.9 ஜிபி
கேஷ்டு 480 எம்பி
பேஜ்டு பூல் 410 எம்பி
நான்-பேஜ்டு பூல் 1.8 ஜிபி

அப் டைம் பார்த்ததும் குழம்பிவிட்டேன். 23 நாள் என்று காட்டுகிறது. நான்தான் தினமும் ராத்திரி அணைக்கிறேனே?

மேலமாசிவீதி:

கிடைத்துவிட்டது. நான்-பேஜ்டு பூல் 1.8 ஜிபி. சாதாரணமாக ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் இது சில நூறு எம்பிதான் இருக்கும்.

இது என்ன என்றால், டிரைவர்கள் தங்கள் வேலைக்காக விண்டோஸிடம் கேட்டு வாங்கும் மெமரி. நெட்வொர்க் கார்டு, டிஸ்க் போன்றவை எந்த நொடியிலும் ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று குறுக்கிடும். அந்த நேரத்தில் அவற்றுக்குத் தேவையான தகவல் டிஸ்க்கில் போய்க் கிடந்தால் கம்ப்யூட்டரே நின்றுவிடும். அதனால் இந்தப் பகுதியை விண்டோஸ் டிஸ்க்குக்கு அனுப்பவே அனுப்பாது, எப்போதும் ரேமிலேயே இருக்கும். ஒரு டிரைவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே போனால் அது கசிவு. டாஸ்க் மேனேஜர் பட்டியலில் எந்த வரியிலும் வராது, எந்த புரோகிராமை மூடினாலும் குறையாது.

கூட்டிப் பாருங்கள். பட்டியலில் இரண்டரை, நான்-பேஜ்டு 1.8, சுருக்கிய மூட்டை 0.6, பேஜ்டு பூல் 0.4. ஐந்தேகால் கிட்ட வந்துவிட்டது. மிச்சம் பொதுப் பகுதியும் விண்டோஸ் கருவும். நீங்கள் தேடிய மெமரி இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது அந்த 23 நாள். நீங்கள் அணைப்பது உண்மை, சுவிட்சை நிறுத்துவதும் உண்மை. ஆனால் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிடும். கருவையும் டிரைவர்களையும் மட்டும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதை அப்படியே ரேமில் ஏற்றும். சீக்கிரம் திறப்பதற்கான ஏற்பாடு. அதனால் டிரைவரின் கசிவும் சேர்ந்தே திரும்பி வருகிறது. அதனால்தான் ஒன்றும் திறக்காமலே 60 சதவீதம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் அப்படி எழுதி வைக்காது, எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆன அன்று நன்றாக ஓடியதன் காரணமும் இதுதான்.

எனக்குச் சந்தேகம் அந்த இணைய வேக மென்பொருள் மேல். நெட்வொர்க் வழியே போகும் ஒவ்வொரு துண்டையும் நடுவில் நின்று பார்க்கிற மாதிரிதான் அவை வேலை செய்யும், அதற்கு சொந்த டிரைவரும் இருக்கும். ஆனால் சந்தேகத்தை வைத்துக் கழற்றச் சொல்ல மாட்டேன், சோதித்துவிடுவோம். ரீஸ்டார்ட் செய்யுங்கள். நான்-பேஜ்டு பூல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பை மட்டும் திறந்து இணையம் இல்லாமல் ஒரு மணி நேரம் வேலை பாருங்கள், மறுபடி குறியுங்கள். பிறகு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய பெரிய ஃபைல்களை ஏற்றுங்கள், மூன்றாவது முறை குறியுங்கள். எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்தால் போதும்.

அச்சுப்பக்கம்:

நேற்று நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் 262 எம்பி. இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு வேலை பார்த்தேன், 270-க்குப் பக்கத்திலேயே நின்றது. கேபிளைச் செருகி மூன்று காலண்டர் ஃபைல்களை ஏற்றினேன். ஏறுவது கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது, முடிந்ததும் 455. ஏற்றி முடித்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், இறங்கவே இல்லை.

அந்த மென்பொருளை கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கிவிட்டேன். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் நெட்வொர்க் டிரைவரை மட்டும் புதிதாக இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். அதே மூன்று ஃபைல்களைத் திரும்ப ஏற்றினேன். 258-இல் தொடங்கி 266. அவ்வளவுதான்!

வேகம் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் பெரிய காலண்டர் ஷீட் திறந்தால் மட்டும் இன்னும் இழுக்கிறது, கூடவே மகள் குரோமில் பாடம் பார்த்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ரேம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

மேலமாசிவீதி:

அருமை சகோதரி. இவ்வளவு பொறுமையாக எண்களைக் குறித்துச் சொன்னதால்தான் ஃபார்மேட் இல்லாமல் முடிந்தது. ஃபாண்டுகளும் தப்பின.

இனி உள்ளது கசிவு இல்லை, நிஜமான தேவை. உங்கள் காலண்டர் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். 15க்கு 20 அங்குலம், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 4,500க்கு 6,000, அதாவது 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு நான்கு மை நிறங்கள் கொண்ட சிஎம்ஒய்கே-வில் வேலை பார்ப்பீர்கள், ஒரு புள்ளிக்கு 4 பைட். ஷீட் முழுக்கப் பரவிய ஒரு லேயருக்கு 108 எம்பி. சாமி படம், பின்னணி, பார்டர், ஒளிவட்டம், நிழல் என்று முழு அளவில் பத்து லேயர் இருந்தால் 1 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபைல் டிஸ்க்கில் சின்னதாகத் தெரியும், அது சுருக்கிச் சேமித்தது. திறந்ததும் விரிந்துவிடும். இதற்கு மேல் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய நிலையை ஹிஸ்டரியில் வைத்திருக்கும்.

ஆகவே முடிந்துபோன லேயர்களை ஒரு நகல் ஃபைலில் இணைத்துவிட்டு வேலை பாருங்கள், மூல ஃபைல் தனியாக இருக்கட்டும். பெரிய ஷீட்டில் வேலை செய்யும்போது ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் எண்ணைக் குறையுங்கள். எடிட் மெனுவில் ‘பர்ஜ்’ இருக்கிறது, ஒரு கட்டம் முடிந்து இனி பின்னால் போக வேண்டாம் என்றால் அதைக் கொடுக்கலாம், ஹிஸ்டரி போய்விடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஃபோட்டோஷாப் எடுத்துக்கொள்ளும் மெமரி 70 சதவீதம் என்று அமைப்பில் இருக்கும். அதை 100-க்கு ஏற்றச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, ஏற்ற வேண்டாம். விண்டோஸுக்கு மூச்சுவிட இடம் இல்லாமல் போய் மறுபடி டிஸ்க்குக்கே ஓடும்.

குரோமில் ஒவ்வொரு தளமும் தனித்தனி புரோசஸில், அதாவது தனி புரோகிராம் போல ஓடுகிறது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், ஒரு தளம் இன்னொன்றின் தகவலை எட்டிப் பார்க்காமல் இருக்க இதைக் கண்டிப்பாக்கினார்கள். 10 முதல் 13 சதவீதம் வரை கூடுதல் மெமரி ஆகும் என்று கூகுளே அப்போது சொன்னது. அது நம் பாதுகாப்புக்கு, அணைக்க வேண்டாம். அதற்குப் பதில் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘மெமரி சேவர்’ ஆன் செய்யுங்கள், பார்க்காமல் கிடக்கும் டேப்களின் மெமரியை விட்டுவிடும். ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் குரோமுக்கே சொந்தமான டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு என்று பெயரோடு சொல்லும். மகளோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள், தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் ஒன்றாவது அகப்படும்.

பிறகு அந்த 2 ஜிபி. மதர்போர்டின் சொந்த செட்டிங் பகுதியான பயாஸுக்குள் போய் ‘யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்’ என்பதைத் தேடுங்கள். 512 எம்பி வைத்தால் விண்டோஸுக்கு ஏழரை ஜிபி கிட்டக் கிடைக்கும். கிராபிக்ஸுக்கு மேற்கொண்டு தேவைப்பட்டால் அவ்வப்போது சாதாரண ரேமிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். பெரிய விளையாட்டுகள் ஆடாத வீட்டுக்கு இது போதும். காசு செலவில்லாமல் ஒன்றரை ஜிபி கிடைக்கிறது, முதலில் இதைச் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் 8 ஜிபி உங்கள் வேலைக்குக் குறைவுதான், அதை மறைத்துப் பேச மாட்டேன். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ பாருங்கள். 2-இல் 1 என்றால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் போடலாம். ‘ஸ்பீடு’ என்று இருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டு அதே வேகத்தில் வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் ஆனதும் கிராபிக்ஸுக்கும் ரேமுக்கும் நடுவில் பாதை இரட்டிப்பாகும், உங்களைப் போல உள் கிராபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது தனி லாபம்.

ஆனால் கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் எஸ்எஸ்டியைத்தான் (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) முதலில் வாங்கச் சொல்வேன். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும் நீங்கள் காத்திருக்கிறீர்கள், அந்தக் காத்திருப்பு நூறில் ஒரு பங்காகும். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிடலாம், ஃபாண்டுகளை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்’கையும் அதற்கே மாற்றிவிடுங்கள்.

உப்பளம் (தூத்துக்குடி):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவின் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் இருக்கிறது, 3.2 தான் பயன்படுத்தலாம் என்கிறது. இதையும் பயாஸில் சரிசெய்யலாமா? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்தால் காலி மெமரி எப்போதும் குறைவாகவே தெரிகிறது, அதுதான் தயக்கம்.

மேலமாசிவீதி:

தம்பி, சிஸ்டம் விவரத்தில் 32 பிட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸில் ஒன்றும் ஆகாது. 32 பிட் விண்டோஸுக்கு மொத்த முகவரியே 4 ஜிபிக்குத்தான், அதில் கிராபிக்ஸ் முதலிய சாதனங்களுக்கும் இடம் ஒதுக்கியதுபோக மிஞ்சுவதுதான் 3.2. 64 பிட் போட்டால் தீரும்.

லினக்ஸ் தாராளமாகப் போடலாம். அம்மாவுக்கு வேண்டியது யூடியூபும் வாட்ஸ்அப்பும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை அமைப்பு உள்ள மின்ட் என்ற லினக்ஸ் வகை போதும். அந்தக் கட்டளை காட்டும் பட்டியலில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியைப் பார்க்காதீர்கள், ‘அவைலபிள்’ பத்தியைப் பாருங்கள். படித்த ஃபைல்களை லினக்ஸ் ரேமிலேயே வைத்திருக்கும், யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். விண்டோஸில் ‘கேஷ்டு’ என்று வருவதும் அதே கதைதான்.

அச்சுப்பக்கம்:

அண்ணா, பயாஸில் 512 வைத்துவிட்டேன், இப்போது 7.4 ஜிபி காட்டுகிறது. எஸ்எஸ்டி இந்த வாரம் வாங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம். எஸ்எஸ்டி தேயாமல் இருக்க, ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை நிறுத்திவிடச் சொல்கிறார்கள், நிறுத்தலாமா?

மேலமாசிவீதி:

நிறுத்த வேண்டாம். உங்கள் கமிட்டட் எண் 9.8 / 11.9 என்று இருந்தது நினைவிருக்கிறதா? அந்த 11.9 என்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் எல்லை 7.4-க்கு இறங்கிவிடும். கசிவு போனாலும் ஃபோட்டோஷாப்பில் பெரிய ஷீட்டும் குரோமும் சேர்ந்து அதைத் தொட்டுவிடும். தொட்டதும் மெதுவாகாது, நேராக ‘மெமரி போதவில்லை’ என்று புரோகிராம் மூடும். சேமிக்காத வேலை போய்விடும். விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி தானியங்கியாக விடுங்கள், உங்கள் அளவு வேலைக்கு எஸ்எஸ்டி தேய்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அங்கே பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இருக்கும். எஸ்எஸ்டி வந்த பிறகு அது இல்லாமலே சீக்கிரம் திறக்கும்.